ரிஜெக்ட் நேரம்

இந்தக் கதையக் கேக்கறதுன்னா கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கோணும், இல்லீனா இப்பவே எந்திரிச்சுப் போயிரோணும், ஏன்னா பாதியில போறவங்களக்கூட நான் மன்னிச்சுருவேன், ஆனா முழுசாக் கேட்டு, மூக்கச் சிந்தி அழுது, நல்லாருக்குதுன்னு நாலு பேருக்குச் சொல்லிப்போட்டு, அப்பறம் "இது எனக்கு வேண்டாம், குடுத்த காச எடு"ன்னு கைய நீட்டற கூட்டம் ஒன்னு உலகத்துல இருக்குது பாருங்க, அதுகள எந்தச் சீமாத்துல சாத்தறதுன்னு இன்னும் எனக்குத் தெரியல.

என்ற பேரு துளசிமணி. திருப்பூர்ல சென்னியப்ப மொதலாளியோட பனியன் கம்பெனில ஓவர்லாக் மெசின்ல உக்காந்து உக்காந்து இடுப்பு ஒரு பக்கமாச் சாஞ்சு போனவ. கம்பெனிச் செவுத்துக்கு இந்தப் பக்கம் அவரோட லைன் ஊடு, எதிரும் புதிருமாப் பத்து ஊடு, நடுவால ஒரு குழாய், முன்னால ஒரு இரும்புக் கேட்டு. ஒரு கையில சம்பளம்னு குடுத்து மறு கையில வாடகைன்னு வாங்கிக்கற மனுசன் அவரு, ஆனா கோயில் நோம்பின்னா மொத ஆளா வந்து கும்புட்டுட்டு நிப்பாரு, மூஞ்சியப் பாத்தாப் பால் வடியும்.

மூணாவது ஊட்டுல தாரணின்னு ஒரு புள்ள. பெத்தவங்க கல்யாணம் கல்யாணம்னு நச்சறாங்கன்னு கோவிச்சுட்டு வந்து தனியா இருந்தா. எங்க கம்பெனியிலயே பார்கோடு அடிக்கற வேலை, அது முடிஞ்சு ஊட்டுக்கு வந்தாக் கதவச் சாத்திக்கிட்டு இன்னொரு வேலை. என்ன கண்ணு அது அப்படி வேலைன்னு ஒரு நாள் கேட்டேன்.

"கேம் செய்யறேங்க்கா. கம்ப்யூட்டர்ல வெளையாடறது. படம் வரையறது, பேச்சு எழுதறது, சத்தம் புடிக்கறது, எல்லாமே நானேதாங்க்கா."

"ஆரு செய்யச் சொன்னாங்க?"

"ஆரும் சொல்லலீங்க்கா."

"அப்பக் கூலி ஆரு தருவாங்க?"

"முடிச்சப்பறம் வாங்கறவங்க தருவாங்க."

"வாங்குவாங்களா?"

அந்தப் புள்ள எந்திரிச்சு வேலையப் பாக்கப் போயிருச்சு.

மூணு வருசம் செஞ்சா. தீபாவளிக்கு ஊருக்குப் போகாமச் செஞ்சா, காய்ச்சல்ல கம்பளியப் போத்திக்கிட்டுச் செஞ்சா, நாங்க குழாயடியில நின்னு பேசறதையெல்லாம் போன்ல புடிச்சுட்டுப் போயி அதையும் அதுல போட்டா. முடிச்சுட்டு எங்களக் கூப்புட்டுக் காட்டுனா, பாத்தா எங்க குழாயடியேதான். தண்ணி வர்ற வரைக்கும் ஒரு புள்ள குடத்த வெச்சுட்டு நிக்கறா, நிக்கற ஒவ்வொரு பொம்பளகிட்டயும் பேச்சுக் குடுக்கறா, அவங்க ஒவ்வொருத்தரா மனசுல இருக்கறதச் சொல்றாங்க, தண்ணி வருது, குடம் நெறையுது, முடிஞ்சுது. அதுல கொண்டை போட்ட ஒருத்தி நானு. என்ற ஆத்தா செத்துப் போச்சுன்னு சேதி வந்த அன்னைக்கு அவசர லாட்டு ஓடுது, கப்பலுக்குப் போற சரக்கு, லாட்டு முடியாம ஆரையும் வெளிய விட முடியாதுன்னு சூப்பர்வைசர் கம்பெனிக் கேட்ட அடைச்சுட்டான், முடிச்சு பஸ்ஸேறிப் போனா ஆத்தா சாம்பலாக் கெடக்குது, அதத்தான் அந்தக் கொண்டைக்காரி சொல்றா. தாரணி என்னையக் கேட்டுத்தான் போட்டா. போட்டுக்க கண்ணு, நாலு சனம் தெரிஞ்சுக்கட்டும்னு நாந்தான் சொன்னேன்.

மொத்தமும் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஏன் கண்ணு இத்தனை பாடுபட்டு இத்தினியூண்டு செஞ்சேன்னு கேட்டதுக்கு அவ சொன்னா, "நம்மளத்தான் எல்லாரும் நிக்க வெக்கறாங்க. நான் ஆரையும் ஒரு நிமிசங்கூடச் சும்மா நிக்க வெக்க மாட்டேங்க்கா." அதச் சொல்லும்போது அவ மூஞ்சியில இருந்த பெருமையப் பாக்கோணுமே. அந்தப் பெருமைதான் அவ தலையில மண்ணப் போட்டுச்சு.

கேம் செஞ்சாப் பத்தாது, வியாபாரம் கத்துக்கோணும்னு ஆரோ சொல்ல, பெங்களூர்ல ரோகித்னு ஒரு சாரு கம்ப்யூட்டர்ல நடத்தற வகுப்புல பணங்கட்டிச் சேந்தா. நான் பக்கத்துல உக்காந்து பனியனுக்குப் பிசிர் வெட்டிக்கிட்டே கேப்பேன். வெளம்பரத்த மொத நாள்லயே ஆரம்பிச்சுருக்கோணும்பாரு, எல்லாம் முடிச்ச புள்ளகிட்ட. உலகம் முச்சூடுக்கும் பெரிய கடை ஒன்னு இருக்குது, அதுல வித்தாத்தான் வியாபாரம், கடைக்காரன் பங்கு போக மீதிதான் உனக்கும்பாரு. கடையில கேமோட பேரப் போட்டு வெச்சா, "வந்தா வாங்கிக்கறேன்"னு சனங்க குறிச்சு வெச்சுக்குவாங்க, அந்தக் குறிப்புத்தான் உனக்குச் சொத்தும்பாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ரோட்டோரத்துல நாலு நாள் கடை போட்டுப் பாத்தவங்களக் கேளுங்க, அப்பறம் வந்து வாங்கிக்கறேன்னு சொன்னவன் எவன் வந்து வாங்கிருக்கறான்?

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. வாங்குன கேம ரெண்டு மணி நேரத்துக்குள்ள வெளையாண்டு பாத்துட்டு வேண்டாம்னாத் திருப்பிக் குடுத்துரலாம், முழுக் காசும் வந்துரும், ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கெடையாது. இது அவளுக்குத் தெரியும், ஆனா ஒருத்தரு செஞ்ச சோத்த வழிச்சுத் தின்னுபோட்டு எலையத் திருப்பிக் குடுத்துக் காசு கேப்பாங்கன்னு அவளுக்குத் தோணவே இல்ல. நல்ல வயித்துல பொறந்தவளுக்கு எப்படித் தோணும்?

கேம் கடைக்கு வந்த மறுநாளு வாங்குனவன் ஒருத்தன் எழுதுன மொத அபிப்பிராயம் வந்துச்சு. தாரணி தமிழ்ல படிச்சுக் காட்டுனா. "அற்புதம். கொண்டை போட்ட அக்கா கதையைக் கேட்டு விம்மி விம்மி அழுதேன். என் அம்மாவுக்கு உடனே போன் செய்தேன். ரெண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்." கீழ அஞ்சு நட்சத்திரம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுங்க. என்ற ஆத்தா சாவுக்கு அழுதியே, அந்த அழுகைக்கு நீ குடுத்தது ஒன்னுமில்லையாடா? உன்ற ஆத்தாளுக்குப் போன் பண்ணுனியே, அந்தப் போனுக்குக்கூடக் காசு உண்டேடா! ரெண்டாவது ஆளும் அப்படித்தான், மூணாவது ஆளும் அப்படித்தான், அழுகாம ஒருத்தனும் இல்ல, திருப்பாம ஒருத்தனும் இல்ல.

அன்னைக்கு மதியந்தான் மொத தடவ அது வந்துச்சு.

கம்பெனில ஒரு மணிக்குச் சங்கு ஊதுனாச் சோத்து நேரம், ஒன்றரைக்குத் திரும்பவும் மெசின்ல இருக்கோணும். நாங்க ஓடியாந்து, கேட்டுக்குள்ள நொழஞ்சு, சோத்தப் போட்டு உக்காந்தோம். தின்னு முடிச்சேன், ஏனம் கழுவுனேன், மணியப் பாத்தா ஒன்னு. துணியத் தொவச்சுக் காயப்போட்டேன், ஒன்னு. தலையச் சாச்சேன், கண்ணசந்து ஒரு கனவும் கண்டு எந்திரிச்சேன், ஒன்னு. கேட்டு வழியாப் பாத்தா ரோட்டுல ஒரு பைக்குக்காரன் காலும் ஊனாமச் சாயாம நட்ட நடுவால நிக்கறான், அவனுக்குப் பின்னால கெளம்புன புழுதி கெளம்புன எடத்துலயே நிக்குது. எங்க காம்பவுண்டுக்குள்ள விழற வெய்யிலு நம்மூரு வெய்யிலே இல்ல, வேற தேசத்துல எவனோ ஊட்டுச் சன்னல் வழியா வர்ற மங்கல் வெளிச்சம், தோளுல ஒரு குளிரு. முடியப்போற சமயத்துல காரணமில்லாம எல்லாருக்கும் அழுகை வந்துச்சு, வரிசையா உக்காந்து கொஞ்ச நேரம் அழுதோம். அழுது முடிச்சா, ரோட்டுல பைக்கு போகுது.

அப்பத்தான் தாரணி போனத் தூக்கிட்டு வெளிய வந்தா. "நார்வேல இருந்து ஒருத்தன் திருப்பிருக்கறானுங்க்கா, கரெக்டா ஒரு மணிக்கு." போனத் திருப்பிக் காட்டுனா. "இது அவன் வெளையாண்ட நேரம். காசு அவங்கிட்டப் போயிருச்சு, நேரம் இங்க வந்துருச்சு."

நாங்க ஆரும் பதறல. ஏன்னு சொல்றேன். எங்கூர்ல வெள்ளக்காரனுக்குன்னு தெச்ச சரக்க அவன் வேண்டாம்னு தள்ளிட்டா அதுக்குப் பேரு ரிஜெக்ட், ரோட்டோரத்துல குமிச்சு வெச்சு விப்பாங்க, அதப் போட்டு வளந்த ஒடம்புதான் எங்க ஒவ்வொருத்தரு ஒடம்பும். ஏன் தள்ளுனான், எங்க ஓட்டை, எவன் போட்டுப் பாத்தான்னு ஒரு நாளும் கேட்டதில்ல, நம்ம ஒடம்புக்குப் பத்துதான்னு மட்டுந்தான் பாப்போம். பனியன் ரிஜெக்ட் ஆகி வந்தாப் போட்டுக்கறோம், நேரம் ரிஜெக்ட் ஆகி வந்தா அதையும் போட்டுக்க வேண்டியதுதான்னு போட்டுக்கிட்டோம்.

தெனமும் அதே ஒரு மணிக்கு வந்துச்சு. ஒருத்தன் திருப்புனாலும் ஆயிரம் பேரு திருப்புனாலும் வர்றது என்னமோ ரெண்டு மணி நேரந்தான், ஆள் கூடுன அன்னைக்கு நேரம் கொஞ்சம் தடிமனா இருக்கும், அவ்வளவுதான். கேட்டத் தாண்டி வெளிய போனாப் போச்சு, வெளிய அதே ஒரு மணி, திரும்ப உள்ள வந்தாலும் அன்னைக்குப் பங்கு அவ்வளவுதான். மொத வாரம் எல்லாரும் தூங்குனோம், சும்மா தூங்கல, அடிச்சுப் போட்டாட்டத் தூங்குனோம். அப்பறந்தான் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்னு தோணுச்சு. எட்டாவது ஊட்டுப் பொன்னுத்தாயி, தேனிப் பக்கத்துக்காரி, கண்ணாலத்துல இருந்து பாக்கி நின்ன சண்டையெல்லாம் புருசங்கூடப் போட்டு முடிச்சா, முடிச்சப்பறம் ரெண்டு பேரும் சோடியா உக்காந்து முருங்கைக்கீரை உருவுனாங்க. ஒரு மணிக்குப் பாலுக்கு மோர் ஊத்துனா ஒன்றரைக்குள்ள ஒரைஞ்சு நின்னுச்சு. ஆறாவது ஊட்டு ரேணுகா முழுகாம இருந்தா, ஆஸ்பத்திரில சொன்ன தேதிக்கு முன்னாலயே முழு வளத்தியாப் புள்ள பொறந்துச்சு, டாக்டரம்மா கணக்குப் போட்டுப் பாத்துட்டு அவ புருசன ஒரு மாதிரிப் பாத்துச்சு, பாவம் அவன் நெளிஞ்ச நெளி எனக்குத்தான் தெரியும். கவுன்சிலர் வந்து பாத்துட்டு இது மாநகராட்சி எல்லைக்குள்ள வராதுன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. கோயில் பூசாரி பஞ்சாங்கத்தப் பொரட்டிப் பாத்து, இது ராகுகாலத்துலயும் இல்ல எமகண்டத்துலயும் இல்ல, அதனால ஒரு தோசமும் இல்லன்னுட்டாரு. நாங்களே ஒரே ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கிட்டோம், இந்த நேரத்துல கம்பெனி வேலையத் தொடக் கூடாது. பிசிர் வெட்ட மூட்டையத் தூக்கியாந்த ஒருத்திய நான் பேசுன பேச்சுல அவ மூணு நாளு எங்கூட மொகங்குடுத்துப் பேசல.

தாரணி மட்டும் தூங்கல. எல்லாரும் பாயப் போட்டுக் கெடக்கறப்ப அவ வாசப்படியில உக்காந்து எங்களையே பாத்துட்டு இருப்பா. ஒரு நாளு பொங்கிட்டா.

"நீங்க தூங்கறது என்ற மூணு வருசத்து மேலங்க்கா! ஒருத்தன் திருப்புனாத்தான் உங்களுக்கு நேரம் வருது, ஒருத்தன் திருப்புனா எனக்குச் சோறு போகுது. தெரியுதுங்களா?"

தெரியாமயா.

"ரோகித் சாரு சொல்றாரு, அரை மணி நேரம் சும்மா இழுத்து விடுன்னு. தண்ணி எடுக்கறத அம்பது தடவ எடுக்க வெய்யி, நடந்து போறத மெதுவா நடக்க வெய்யி, ரெண்டு மணி தாண்டிருச்சுன்னா அப்பறம் எவனாலயும் திருப்ப முடியாதுன்னு. நாளைக்கே பண்ணிப்போடுவேன்."

"பண்ணு கண்ணு," ன்னேன். "உன்ற பொருளு. ஆனா ரேணுகா பச்ச ஒடம்புக்காரி, கொழந்தையப் போட்டுட்டு அவ கண்ண மூடறது இந்த நேரத்துலதான். சித்த நாளு பொறுத்துக்குவியா?"

அவ உள்ள போயிட்டா. இழுத்தும் விடல. எங்களுக்காகப் பாதி, ஆரையும் சும்மா நிக்க வெக்க மாட்டேன்னு சொன்ன அவ வாய்க்காகப் பாதி. தெனம் திருப்பிக் குடுத்தானுங்க, தெனம் எங்களுக்கு நேரம் வந்துச்சு, அவ மத்தியானச் சோத்த ஒரு கரண்டி கொறச்சுக்கிட்டா.

இந்த அழகுல சென்னியப்ப மொதலாளிக்கு மூக்கு வேர்த்துருச்சு. சோத்துக்குப் போனவளுக தலைக்குத் தண்ணி வாத்து, காய வெச்சு, பின்னி, பூ வெச்சு ஒன்றரைக்கு வந்து உக்காந்தாக் கண்ணுள்ளவனுக்குத் தெரியாம இருக்குமா? ஒரு நாளு மதியம் பிளாஸ்டிக் சேரத் தூக்கியாந்து எங்க காம்பவுண்டு நடுவால போட்டு உக்காந்தாரு. எல்லாத்தையும் பாத்தாரு. தூங்குனாரு, கொறட்டை விட்டாரு, எந்திரிச்சு வாட்சப் பாத்தாரு, சிரிச்சாரு.

அடுத்த வாரம் காம்பவுண்டுக்குள்ள தகரங் கட்டி மெசின எறக்குனாரு. அந்த நேரத்துல வெளியில இருந்து கரண்டு வராதுன்னு ஜெனரேட்டரும் கூட. தலைக்கு ஒரு கட்டுப் பனியன், ரெண்டு மணி நேரத்துல முடிக்கோணும்.

"கூலி எவ்வளவுங்க?" ன்னு நாந்தான் கேட்டேன்.

"ஏனம்மிணி, நீங்க சோத்துக்கு வெளிய வந்தது ஒரு மணி. திரும்ப உள்ள போறது ஒன்றரை. நடுவால வேலை செஞ்சீங்கன்னு எந்தக் கடிகாரம் சொல்லுது, காட்டுங்க பாக்கலாம்."

"எங்க இடுப்பு சொல்லுதுங்க."

"இடுப்புக்கெல்லாம் கம்பெனில சம்பளம் போட முடியாது," ன்னு சிரிச்சாரு. "இது ரிஜெக்ட் ஆன சரக்குத்தானே? என்ற எடத்துல வந்து எறங்குனா எனக்குச் சொந்தம். இத்தன நாளு நீங்க சும்மா அனுபவிச்சதுக்கு நான் ஏதாச்சும் கேட்டனா? புடிக்கலீன்னா ஊட்டக் காலி பண்ணிக்கலாம், கேட்டு தொறந்தேதான் கெடக்குது."

செஞ்சோமுங்க. வெக்கத்த விட்டுச் சொல்றேன், செஞ்சோம். உலகத்துல எந்த மணியிலயும் இல்லாத நேரத்துல, எந்தக் கணக்குலயும் சேராத வேலைய, பல்லக் கடிச்சுக்கிட்டுச் செஞ்சோம். தூக்கம் போச்சு, தயிரு போச்சு, பொன்னுத்தாயி ஊட்டுல திரும்பவும் சண்டை பாக்கி விழுக ஆரம்பிச்சுது. கடைசியில அந்த அழுகை மட்டும் தவறாம வரும், எவனோ எங்கியோ உக்காந்து எங்க கதைக்கு அழுத அழுகை, வெள்ளப் பனியன் மேல சொட்டுச் சொட்டா விழும். கண்ணுத்தண்ணி பட்டாச் சரக்கு டேமேஜ் ஆகும்னு மொதலாளி ஆளுக்கொரு துண்டு வாங்கிக் குடுத்தாரு. அவரு எங்களுக்குன்னு கையில இருந்து காசு போட்டு வாங்குனது அது ஒன்னுதான்.

அப்பறம் தாரணிய ஆபீசுக்குக் கூப்புட்டாரு. திரும்பி வந்தவ நேரா என்ற ஊட்டுக்கு வந்து நின்னா, மூஞ்சி செவந்து கெடந்துச்சு.

"பப்ளிசர்னா என்னன்னு நேத்துத்தான் போன்ல பாத்தாராமாக்கா. இனி அவருதான் என்ற கேம வெளியிடற பப்ளிசராமா. கேம மொத்தமா எழுதிக் குடுத்தா நல்ல பணம் தர்றாராமா. ஒரே கண்டிசன், ஒரு நிமிசங்கூட நீட்டக் கூடாது. தெனம் அவரே ஆள் வெச்சு வாங்கி, அவரே வெளையாட வெச்சு, அவரே திருப்பிக்குவாராமா."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். மூணு வருசத்துல மொத மொதலா என்ற வேலைக்கு ஒருத்தரு முழுக் காசு குடுக்கறேங்கறாருக்கா. எதுக்குக் குடுக்கறாருன்னு பாத்தீங்களா?" துப்பட்டாவால மூஞ்சியத் தொடச்சா. "நான் கேம நீட்டறேன். நேரம் நின்னு போயிரும். உங்க தூக்கம் போயிரும்."

"தூக்கம் இப்ப எங்க கண்ணு இருக்குது? நீ நீட்டு."

அவ கதவச் சாத்திக்கிட்டா. ரோகித் சாரு சொன்னாப்பல அம்பது தடவ தண்ணி எடுக்க வெக்கல. குடம் நெறைஞ்சு கேம் முடியற எடத்துல ஒரு சங்கு ஊத வெச்சா. குடத்தோட நிக்கற புள்ளைய ஒரு மெசின்ல உக்கார வெச்சா. பதினஞ்சு நிமிசம் தெய்க்கோணும், முடிக்கறதுக்குள்ள ரெண்டு மணி தாண்டிரும். தாண்டிப் போக முடியாது, வேகமா ஓட்ட முடியாது, கேமுக்குள்ள கூலி கெடையாது, ஏன்னு கேட்டா ஆரும் பதில் சொல்ல மாட்டாங்க. வகுப்புல இத ரோகித் சாருக்குக் காட்டுன அன்னைக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன்.

"தாரணி, சும்மா தைக்க வெச்சா யாரும்மா விளையாடுவாங்க? நடுநடுவுல ஒரு பரிசு குடு. ஒரு நட்சத்திரமாவது மின்னட்டும். அப்பத்தான் பொறுமையா இருப்பாங்க."

"எங்களுக்கு ஒன்னும் மின்னலீங்க சார்," ன்னு சொல்லிக் கம்ப்யூட்டர அடைச்சுட்டா. கட்டுன பணம் கட்டுனதுதான், அந்த வகுப்புக்கு அப்பறம் போகவே இல்ல.

நீட்டுன கேம் கடைக்குப் போன அன்னைக்குக் காலையிலயே பழசத் திருப்புனவன் ஒருத்தன் இருந்தான். அதனால மதியம் நேரம் வரும், அதுதான் கடைசின்னு எங்களுக்குத் தெரியும், மொதலாளிக்குத் தெரியாது. சங்கு ஊதுச்சு. அவரு சேர்ல உக்காந்தாரு. வெளிச்சம் மாறுச்சு, குளிரு வந்துச்சு, நான் போயி கேட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகுனேன். ரேணுகா ஜெனரேட்டர நிறுத்துனா. ஒருத்தரும் மெசின்கிட்டப் போகல, எல்லாரும் அவரச் சுத்தி வந்து நின்னோம்.

"என்னம்மிணி இது? கேட்டத் தொறங்க. போலீசக் கூப்புடுவேன்." போன எடுத்தாரு. ரோட்டுல பைக்கே நகராத நேரத்துல போனுக்கு எங்கீருந்து சிக்னல் வரும்.

"உக்காருங்க மொதலாளி," ன்னேன். "எந்தக் கடிகாரத்துலயும் இல்லாத நேரந்தானுங்களே, உங்களுக்கு ஒன்னும் நட்டமாகாது. சித்த கேளுங்க."

ஒவ்வொருத்தியாச் சொன்னா. ஒன்னுக்குப் போறதுக்குச் சீட்டு வாங்கோணும்னு வெச்சதச் சொன்னாங்க, ஊசி ஏறுன வெரலுக்குத் துணியச் சுத்திக்கிட்டுத் தெச்சதச் சொன்னாங்க, பச்சக் கொழந்த பாலுக்கு அழுகற சத்தம் செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கறப்ப எந்திரிச்சுப் போக முடியாமச் சட்டை நனைஞ்சதச் சொன்னா ரேணுகா. கத்துனோம், காறித் துப்புனோம், ஒருத்தி பேசறப்ப இன்னொருத்தி குறுக்க வரல. கடைசியா நான் முன்னால போனேன். என்ற ஆத்தா செத்த அன்னைக்குக் கேட்டடைச்சதச் சொன்னேன், பஸ்ல நின்னுக்கிட்டே போனதச் சொன்னேன், சுடுகாட்டுல சூடு ஆறாத சாம்பலக் கையில அள்ளுனதச் சொன்னேன். உலகத்துல எங்கெங்கியோ இருக்கறவனெல்லாம் கேட்டு அழுத கதை, எந்த மனுசனுக்குச் சொல்லோணுமோ அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து அன்னைக்குத்தான் சொன்னேன்.

அவரு நெத்தியச் சுருக்கி யோசிச்சாரு. அப்பறம் கேட்டாரு, "அது எந்த லாட்டும்மா?"

பொன்னுத்தாயி என்ற கையப் புடிச்சுக்கலீனா அன்னைக்கு ஒரு கொல விழுந்துருக்கும்.

அந்தச் சமயத்துல, எப்பவும் வர்றாப்பல, அழுகை வந்துச்சு. எங்களுக்கு வந்துச்சு, அவருக்கும் வந்துச்சு. தோளு குலுங்க, மூக்கு ஒழுக, சேர்ல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதாரு. ரேணுகா பாத்துட்டு, மொதலாளி மனசு எளகிருச்சுக்கான்னு சொன்னா. போடி பைத்தியக்காரி, அது அவரு கண்ணீரா? எவனோ அழுது திருப்பிக் குடுத்தது. ரோட்டுல பைக்கு நகந்ததும் துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, வேட்டிய ஒதறிக் கட்டிக்கிட்டு, சாவிய வாங்கித் தொறந்துட்டுப் போனாரு, ஒன்றரைக்குச் சங்கு ஊதுனப்ப வழக்கம்போல வாசல்ல நின்னு ஆள் எண்ணுனாரு.

மறுநாளு நேரம் வரல, அதுக்கப்பறமும் வரல. மெசினத் தூக்கிட்டாரு, தாரணிய வேலைய விட்டும் ஊட்ட விட்டும் தொரத்துனாரு. சீசன் நேரம், தெய்க்க ஆளு கெடைக்காதுங்கறதால எங்கள மட்டும் விட்டு வெச்சாரு. திரும்பவும் அரை மணி நேரச் சோறு, முழுங்கிட்டு ஓடறோம். எனக்கு நெசமாவே அந்தத் தூக்கம் வேணுமுங்க, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், சில நாளு மெசின்ல உக்காந்துக்கிட்டே அந்தக் குளுந்த வெளிச்சத்த நெனச்சுக்குவேன், நெனச்சா ஆத்திரம் ஆத்திரமா வரும்.

தாரணி அடுத்த சந்துல ஒரு ரூம்பு புடிச்சு இருக்கறா, அடுத்த கேம ஆரம்பிச்சுட்டா. பழசு இன்னும் விக்குது, முன்ன விட ஆளு கம்மி, ஆனா வித்தது வித்ததுதான், அவ சோத்துல கரண்டி கொறையறதில்ல. அஞ்சு நட்சத்திரமெல்லாம் போயிருச்சு. நேத்து மதியம் போனத் தூக்கிட்டு எங்ககூடச் சாப்புட வந்தா, வந்த அபிப்பிராயத்தப் படிச்சா. "கடைசிப் பகுதி கொடுமை. எந்தப் பலனும் இல்லாமல் பதினைந்து நிமிடம் தைக்க வைக்கிறார்கள். வெளியே போக வழியில்லை, ஏன் என்று கேட்டாலும் பதில் இல்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. என் நேரத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?"

பதினஞ்சே நிமிசம், அதுக்கு இந்தக் கத்துக் கத்தறான். பொன்னுத்தாயி அவங்க ஊருப் பாஷையில ஒன்னு சொன்னா, அத இங்க சொல்ல முடியாது.

"கீழ பதில் எழுத எடமிருக்குதுங்க்கா," ன்னா தாரணி. "என்ன எழுதட்டும்?"

சங்கு ஊதறதுக்கு ரெண்டு வாய்ச் சோறு பாக்கி இருந்துச்சு. நான் கையக்கூடக் கழுவாமச் சொன்னேன், சொன்னபடியே அவ எழுதுனா:

"வாங்க சாமி, வரிசையில வந்து நில்லுங்க. நாங்களும் அதுக்குத்தான் நிக்கறோம், நீங்க எங்களுக்குப் பின்னால."